வீட்டில் தோட்டா நிரப்பவும் ஈயக் குண்டு வார்க்கவும் கருவி தேடுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழர்களில் வேட்டைக்கும் சுடுதளத்துக்கும் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். தோட்டா நிரப்புவது என்றால், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர் (அடிபட்டதும் பொறி கிளப்பும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு மூன்றையும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. அதற்கான கருவிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்ற கணக்கு இதில் இருக்காது. அதை மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், வேறு எங்கேயும் பார்க்கக் கூடாது.

துப்பாக்கி உரிமம் இன்னும் வரவில்லை. அதற்குள் கருவிகளை வாங்கி வைக்கலாமா?

பிரஸ் (நெம்பி அழுத்தும் கருவி), டை (பிரஸ்ஸில் பூட்டிக் கூட்டை அளவுப்படுத்தும் உருளை), தராசு, கேலிப்பர் (நீளம், விட்டம் அளக்கும் கருவி) எல்லாம் வெறும் இரும்புச் சாமான்கள். கடைக்காரர் உரிமம் கேட்கமாட்டார். பிரைமர் கதை வேறு. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் (60-ஆம் எண்) பிரைமரையே தோட்டாவாகக் கணக்கில் எடுக்கிறது. அதாவது சட்டைப்பையில் ஒரே ஒரு பிரைமர் இருந்தாலும், அதற்குப் பொருந்தும் துப்பாக்கிக்கு உங்கள் பெயரில் உரிமம் இருக்க வேண்டும். மருந்தையும் உரிமத்தைக் காட்டாமல் எந்த ஒழுங்கான கடையும் தராது.

என்னைக் கேட்டால் உரிமம் கையில் வரும் வரை கருவியும் வாங்க வேண்டாம். தகுதிச் சான்றிதழ், பிறகு உரிம விண்ணப்பம், காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரி, பெட்டகச் சோதனை என்று காலம் இழுக்கும். அதற்குள் நீங்கள் வேறு தோட்டா அளவுக்கு மனம் மாறிவிட்டால் வாங்கிய டை அப்படியே தூங்கும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் கையேட்டை மட்டும் வாங்கிப் படியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கிறேன். நானும் செய்யலாமா?

முடியாது. குடிமகனாகவோ நிரந்தர வசிப்பு அனுமதி உள்ளவராகவோ இருந்தால்தான் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். வயதும் 21 ஆகியிருக்க வேண்டும். அதுவரை உரிமம் உள்ள நண்பருடன் சுடுதளத்துக்குப் போய்ப் பழகலாம்.

எவ்வளவு தோட்டா, எவ்வளவு பிரைமர் வைத்திருக்கலாம்?

சாதாரண உரிமத்துக்கு, உரிமம் உள்ள துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டா, 2400 பிரைமர். அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து அர்ப்பணிப்பு வேட்டைக்காரர் அல்லது அர்ப்பணிப்பு விளையாட்டுச் சுடுநர் என்ற தகுதியோடு உரிமம் வாங்கியவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. தோட்டா நிரப்புவதில் இறங்கும் பலர் இந்தத் தகுதிக்குப் போவதற்குக் காரணமே இதுதான். 200 தோட்டா என்பது சுடுதளத்தில் ஒரு சனிக்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2021 மே மாதம் பொதுமக்கள் கருத்துக்கு வந்த சட்டத்திருத்த வரைவு, தனியார் வீட்டில் தோட்டா நிரப்புவதையே தடைசெய்யப் பார்த்தது. பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அது சட்டமாகவில்லை என்றாலும் பேச்சு அடியோடு நின்றுபோனதாக நினைக்க வேண்டாம். பெரிய தொகை போட்டுக் கருவி வாங்கும் முன் உங்கள் சங்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் மிச்சமாகுமா?

9 மி.மீ. மட்டும் எப்போதாவது சுடுகிறவருக்கு மிச்சமாகாது. .375 போன்ற பெரிய தோட்டா சுடுகிறவருக்கு நிச்சயம் மிச்சமாகும். நடுவில் உள்ளவர்கள் மிச்சமாகும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மிச்சமானதற்கு மேல் சுட்டுத் தீர்ப்பார்கள். உங்கள் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு, எந்த மருந்து ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்து அதையே திரும்பத் திரும்பச் செய்ய முடிவதுதான் உண்மையான லாபம்.

முதலில் என்ன வாங்குவது?

எல்லோரும் பிரஸ்ஸில் ஆரம்பிக்கிறார்கள். கனமாக, பளபளப்பாக, மேசையில் முடுக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் சாமான் அது. ஆனால் உங்கள் கண்ணையும் விரலையும் காப்பாற்றப்போவது அளக்கும் சாமான்கள்தான். முதலில் கையேடு. அடுத்து நல்ல தராசு, அதைச் சரிபார்க்கும் எடைக்கற்கள். பிறகு கேலிப்பர். கையில் உள்ள பணத்தை இந்த மூன்றுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, மிச்சத்தில் கிடைக்கிற பிரஸ்ஸை வாங்குங்கள். மலிவான பிரஸ்ஸும் நல்ல தராசும் இருந்தால் ஒழுங்கான தோட்டா வரும். விலையுயர்ந்த பிரஸ்ஸோடு ஓட்டைத் தராசு இருந்தால் வரவே வராது.

அப்புறம் வேண்டியவை: உங்கள் தோட்டா அளவுக்கான டை செட், அதற்குரிய ஷெல் ஹோல்டர் (பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் துண்டு), பிரைமர் பொருத்தும் கைக்கருவி, மருந்து ஊற்றும் புனல், தோட்டாக்கூடுகளை நிற்க வைக்கும் பலகை, ரைபிள் என்றால் கூட்டுக்குத் தடவும் மசகு, நீண்டுபோன கூட்டை வெட்டும் ட்ரிம்மர், வெட்டிய விளிம்பைச் சீவும் சிறு கருவி. கூடவே பாதுகாப்புக் கண்ணாடி. பிரைமர் பொருத்தும்போது அதைக் கழற்றவே கூடாது.

கூடு தேய்த்துப் பளபளப்பாக்கும் டம்ளர் மெஷினைப் பலரும் முதல் நாளே வாங்குகிறார்கள். அவசரமில்லை. அழுக்குத்துணியால் துடைத்த பித்தளையும் நேராகத்தான் சுடும்.

எந்த வகை பிரஸ்?

மூன்று வகை உண்டு. ஒரே டை பூட்டும் சிங்கிள் ஸ்டேஜ். நாலைந்து டைகளை ஒரு தட்டில் பூட்டிச் சுழற்றும் டரட். ஒவ்வொரு நெம்புக்கும் ஒரு தோட்டா விழும் ப்ரோக்ரெஸிவ். புதியவருக்குச் சிங்கிள் ஸ்டேஜ்தான். அதில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் நடக்கும், ஒவ்வொரு கூட்டையும் கையில் எடுத்துப் பார்ப்பீர்கள். 9 மி.மீ. கூட்டில் வேகமாக எரியும் மருந்து இரண்டு தடவை விழுந்தாலும் வெளியே வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும். ப்ரோக்ரெஸிவ் வேகத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

ஆர்.சி.பி.எஸ்., லீ, லைமன், ரெடிங், ஹார்னடி, டில்லான் என்று இங்கே கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கத் தயாரிப்புகள். லீ விலை குறைவு. ஆர்.சி.பி.எஸ்.ஸின் ராக் சக்கர் போன்ற வார்ப்பிரும்பு பிரஸ்கள் தலைமுறை தாண்டி உழைக்கும். பழையதாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

எலக்ட்ரானிக் தராசா, கோலில் எடை நகர்த்தி அளக்கும் பழைய கைத்தராசா?

இந்த ஊரில் இதற்கு என் பதில் மாறாது. கைத்தராசு. நாம் அளப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.43 கிரெய்ன். தராசு 0.1 கிரெய்ன் வரை காட்ட வேண்டும், அதாவது 6.5 மில்லிகிராம். ஒரு அரிசியின் பாதி எடைகூட இல்லை. மலிவான எலக்ட்ரானிக் தராசு மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், பக்கத்தில் மின்விசிறி ஓடினாலும், மேசை சூடேறினாலும் எண்ணை மெல்ல நகர்த்திக்கொண்டே போகும். லோட் ஷெடிங் நடுவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பூஜ்யமே வேறு இடத்தில் நிற்கும். கைத்தராசுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சம் போதும் என்று சொல்ல வாய் வருகிறது. மருந்து திறந்திருக்கும் மேசையில் மெழுகுவர்த்தி கூடாது. பாட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் எடைக்கல் வைத்து ஆரம்பத்திலும் நடுவிலும் முடிவிலும் பாருங்கள். எந்தத் தராசும் சமமான மேசையில், காற்று அடிக்காத இடத்தில் இருக்க வேண்டும்.

டை வாங்கும்போது கவனிக்க வேண்டியது?

நல்ல செய்தி: பெரும்பாலான டைகளின் மரை ஒரே அளவுதான், விட்டம் எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஆகவே ஒரு கம்பெனி பிரஸ்ஸில் இன்னொரு கம்பெனி டையைப் பூட்டலாம். கைத்துப்பாக்கிக்கு என்றால் கார்பைடு வளையம் வைத்த டை வாங்குங்கள். கூட்டுக்கு மசகு தடவும் தொல்லை இல்லை.

.308, .30-06, 7×57 மூன்றுக்கும் கூட்டின் அடிப்பாகம் ஒரே அளவு. ஒரு ஷெல் ஹோல்டர் போதும். .303-க்கு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்குத் தனி. ஷெல் ஹோல்டர் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைப் பார்த்து வாங்காமல் தோட்டா பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

பழைய கருவி வாங்கலாமா? எதைப் பார்ப்பது?

வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். தோட்டா நிரப்பும் கருவிகள் அநேகமாகத் தேய்வதே இல்லை. வேட்டையை விட்டுவிட்ட பெரியவர்கள், வெளிநாட்டில் குடியேறுகிறவர்கள், அப்பா இறந்தபின் கராஜைக் காலி செய்கிற பிள்ளைகள் என்று விற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். துப்பாக்கிக் கடைகளே கமிஷனுக்குப் பழையது எடுத்து விற்கின்றன. சங்க நோட்டீஸ் பலகை, சுடுதளத்தில் வாய்வழிப் பேச்சு, மிட்ராண்டில் காலாகர் மாநாட்டு மையத்தில் நடக்கும் ஹன்டெக்ஸ் கண்காட்சி, இவற்றில் தேடுங்கள். எஸ்.ஏ. ஹன்டர்ஸ், நாட்ஷூட் போன்ற சங்கங்களின் கிளைக் கூட்டத்துக்கு ஒருமுறை போனாலே யாரிடம் என்ன சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும். வாங்காவிட்டாலும் கற்றுக்கொடுக்க ஒருவர் கிடைப்பார். அதுதான் பெரிய லாபம்.

பிரஸ் என்றால் கைப்பிடியைக் கீழே அழுத்தி, ஏறி நிற்கும் தண்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் பரவாயில்லை. கடகடவென்று ஆடினால் வேண்டாம். உடலில் விரிசல் இருக்கிறதா என்று டை பூட்டும் வளையத்தைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் பூசி மறைத்திருந்தாலும் நகத்தில் தட்டும். டையைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் அடித்து, நீளவாக்கில் கீறல் உண்டா என்று பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் உங்கள் ஒவ்வொரு கூட்டிலும் அதே கீறல் விழும். கார்பைடு வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த டை குப்பைக்குத்தான். மேலே லேசான துரு ஒன்றும் செய்யாது. டர்பன் கடற்காற்றில் துருப்பிடிக்காத இரும்பு ஏது! எண்ணெய்த் துணியால் துடைத்தால் போகும். உள்ளே குழி விழுந்த துரு வேண்டாம்.

கைத்தராசின் கத்திமுனையும் அது உட்காரும் பள்ளமும் தேய்ந்திருக்கக் கூடாது. எடைக்கல்லை வைத்து எடுத்து மறுபடி வையுங்கள். அதே எண் காட்டினால் நல்லது, காட்டாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது வாங்கக் கூடாதவை. திறந்த டப்பாவில் உள்ள மருந்து, டப்பாவில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள். யாரோ ஒருவர் மிச்சமிருந்த வேறு மருந்தை அதில் கொட்டியிருக்கலாம். இன்னொருவர் நிரப்பிய தோட்டா வேண்டாம். இறந்தவர் வீட்டில் பிரைமரோ தோட்டாவோ கிடந்தால் ‘நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று அந்த வீட்டு அம்மா சொன்னாலும் எடுக்காதீர்கள். காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற வியாபாரிக்கோ தகவல் சொல்ல அவருக்கு உதவுங்கள்.

பழைய ராணுவக் கூடுகள் மூட்டையாகக் கிடைக்கின்றன. எடுக்கலாமா?

கூட்டின் வாய் வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால் பாக்ஸர் வகை, நம் டையிலுள்ள ஊசி பிரைமரைத் தள்ளிவிடும். நடுவை விட்டு இரண்டு சிறு ஓட்டைகள் இருந்தால் பெர்டான். அதில் தள்ளினால் ஊசி உடையும். பழைய ராணுவத் தோட்டாக்களில் பல பெர்டான்தான். இலவசமாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். பிரிட்டோரியாவின் பி.எம்.பி. வேட்டைத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு உங்கள் சொந்தக் கூட்டைப் பொறுக்கி வைத்துக்கொள்வதே நல்லது.

அமெரிக்காவிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

டை, குண்டு வார்க்கும் அச்சு போன்ற சிறு இரும்புச் சாமான்களைப் பலர் வரவழைக்கிறார்கள். சுங்கவரி, வாட் வரி, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டிய பிறகு உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிடுங்கள். கனமான பிரஸ்ஸுக்கு அநேகமாகக் கட்டாது. பிரைமரும் மருந்தும் தபாலில் வரவே கூடாது.

மின்சாரத்தில் ஓடும் சாமானில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க ஈய உருக்குக் கலம் 120 வோல்ட். நம் வீட்டில் 230. அப்படியே சொருகினால் முதல் நிமிடத்திலேயே கதை முடியும். சுமார் 700 வாட் இழுக்கும் கலத்துக்குத் தகுந்த மின்மாற்றி வாங்கினால் அதுவே கலத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். லீ கம்பெனி 220 வோல்ட் கலமும் தயாரிக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.

மருந்துக்கும் கையேட்டுக்கும் என்ன தொடர்பு? ஏதாவது ஒரு கையேடு போதாதா?

போதாது. இங்கே அதிகம் புழங்குவது சோம்கெம் மருந்து. அதற்கான அளவுகள் சோம்கெம் வெளியிட்ட கையேட்டில்தான் உண்டு, அமெரிக்கக் கையேடுகளில் தேடினால் கிடைக்காது. எண்களைப் பார்த்து ஏமாறவும் கூடாது. சோம்கெம்மின் எஸ்335-ம் அமெரிக்காவின் ஹாட்ஜ்டன் எச்335-ம் பெயரில் ஒரே எண்ணைத் தாங்கிய இரு வேறு மருந்துகள். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கையேடு வேண்டாம் என்று சொல்லவில்லை. முறையை, கருவி பொருத்துவதை, ஆபத்து அறிகுறிகளை அவை அருமையாகச் சொல்லித்தருகின்றன. கணக்கை மட்டும் டப்பாவில் உள்ள மருந்துக்குரிய கையேட்டிலிருந்து எடுங்கள், அதில் போட்டிருக்கும் ஆரம்ப அளவிலிருந்தே தொடங்குங்கள்.

ஈயக் குண்டும் நானே வார்க்க வேண்டுமா?

அவசியமே இல்லை. முதல் வருடம் கடையில் குண்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய குண்டுகளை ஃப்ரான்டியர் கம்பெனி இந்த நாட்டிலேயே செய்கிறது, கைத்துப்பாக்கிக்கு அது போதும். குடு, இம்பாலா மான் வேட்டைக்கு வார்த்த ஈயத்தை நம்பாமல் உறை போட்ட குண்டையே பயன்படுத்துங்கள்.

வார்ப்பு தனிக் கலை. .38 ஸ்பெஷல் போன்ற மெதுவான ரிவால்வர் தோட்டாக்களுக்கு மிகப் பொருத்தம். பழைய .303-இல் குறைந்த வேகத்தில் காகிதம் சுடவும் ஆகும், குண்டின் அடியில் சிறு செப்புத் தொப்பி வைக்க வேண்டியிருக்கும். க்ளாக் போன்ற பலகோணக் குழல் உள்ள துப்பாக்கிகளுக்கு வெறும் ஈயக் குண்டு வேண்டாம். குழலில் ஈயம் படியும், அழுத்தம் ஏறும். க்ளாக் கம்பெனியே வேண்டாம் என்கிறது.

வார்க்க என்ன கருவி?

உருக்குக் கலம், கரண்டி, அச்சு, அச்சின் கைப்பிடி, அளவுப்படுத்தும் டை, மசகு, வெப்பமானி. அடியில் குழாய் வைத்த மின்சார உருக்குக் கலம் வசதி, ஆனால் அதில் சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஒரு தட்டை அடியில் வைத்துக்கொண்டால் போயிற்று. அச்சில் அலுமினியம் மலிவு, சீக்கிரம் சூடேறும், முரட்டுக் கைக்கு வளைந்துவிடும். இரும்பு அச்சு கனம், துருப்பிடிக்கும், ஆனால் பிள்ளைகள் காலம் வரை வரும். பழைய அச்சு வாங்கினால் இரு பாதிகளையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளிக்கோடு தெரிந்தால் குண்டைச் சுற்றி ஈயச் செதில் வரும்.

சமையல் பாத்திரத்தில் உருக்காதீர்கள். ஒருதடவை ஈயம் தொட்ட பாத்திரமோ கரண்டியோ அடுப்பங்கரைக்குத் திரும்பவே கூடாது.

ஈயம் எங்கே கிடைக்கும்?

டயர்க் கடையில் கழற்றிப்போடும் சக்கர எடைகள், பழைய ஈயக் குழாய், சுடுதளத்தின் மண்மேட்டில் சலித்தெடுத்தது, பழைய இரும்புக்கடை. சக்கர எடைகளைப் பிரிப்பதுதான் வேலை. சிலவற்றில் பி.பி. என்ற ஈயக் குறியும், சிலவற்றில் துத்தநாகத்தின் இசட்.என். குறியும் இருக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 420-க்குப் பக்கத்தில்தான் உருகும். கலத்தை 400-க்குக் கீழே வைத்தால் தப்பி விழுந்த துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் தள்ளிவிடலாம். கவனிக்காமல் சூட்டை ஏற்றினால் கலம் முழுக்கக் கஞ்சியாகி, அச்சு நிரம்பாது.

தூய ஈயம் மிக மென்மை. லைமன் 2-ஆம் எண் கலவை என்று பெயர் பெற்றது 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி. வெள்ளீயம் இங்கே விலை அதிகம், பற்றவைக்கும் கம்பியில்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். பாட்டி கொண்டுவந்த ரசச் சொம்பும் வெள்ளீயம்தான், அதைத் தொட்டால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பீர்கள்!

கார் பாட்டரித் தகடு மட்டும் வேண்டவே வேண்டாம். அதை உருக்கும்போது கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு. பிள்ளைகளும் இருக்கிறார்கள். முடியுமா?

தோட்டா நிரப்புவது முடியும். பூட்டக்கூடிய ஒரு அறை, ஆடாத மேசை, பிரைமரும் தோட்டாவும் பூட்டிய பெட்டியில், மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே சூடில்லாத இடத்தில். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. டம்ளர் தூளில் பிரைமரின் ஈயத்தூசி இருக்கும், வீட்டுக்குள் சலிக்காதீர்கள்.

வார்ப்பது வேறு. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய மூடிய கராஜில் வேண்டாம். திறந்த இடம், மேலே கூரை, காற்றோட்டம், தண்ணீர் தெறிக்காத மூலை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் நீராவியாகி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். டர்பன் டிசம்பர் வெயிலில் மதியம் வார்க்காதீர்கள் என்று சொல்வது அதற்காகத்தான். நீண்ட கை, மூடிய காலணி, தோல் கையுறை, முகமறைப்பு. முடிந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்த உடையைத் தனியாகத் துவைத்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும். பிள்ளைகள் உடலுக்கு எவ்வளவு குறைந்த ஈயமும் கெடுதல்தான்.

நேரம் எப்போது என்றால், குளிர்கால வேட்டை முடிந்து புரட்டாசி வரும்போது. வீட்டில் கறி கிடையாது, துப்பாக்கிக்கும் ஓய்வு, கூடுகளைப் பிரித்து அளந்து வைக்க நல்ல மாதம்.

மச்சானுக்கும் சேர்த்து நிரப்பித் தரலாமா? செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

வேண்டாம். காசு வாங்கி அடுத்தவருக்கு நிரப்புவது உற்பத்தியாளர் உரிமம் உள்ளவர் செய்கிற வேலை. சட்டத்தை விடுங்கள், உங்கள் துப்பாக்கியில் சரியாக ஓடும் தோட்டா அவர் துப்பாக்கியில் அதே அழுத்தம் தராது. அவரைச் சனிக்கிழமை உங்கள் மேசைக்கு வரச்சொல்லுங்கள். தன் கூடு, தன் பிரைமர், தன் கையேட்டோடு வந்து அவரே நெம்பட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.